கேரதீவிலிருந்து கோட்டை வரை

கப்பித்தான் மெந்தேசுக்குக் காய்ச்சல்.
கேரதீவுக் கரையில், உப்புக் கொட்டிலில்,
பல்லோடு பல் அடிக்கக் கிடந்தபடி
ஒரேயொரு சொல்லை என் வாயில் வைத்தார்:
ஒல்லாந்தர்.
"கோட்டை மட்டும் கொண்டு போ. வழியில் சிந்தாதே."

அதுவரை நான் லாயம் கூட்டினவன், கொள்ளு அவித்தவன்,
குளம்பில் ஏறிய முள்ளைப் பல்லால் எடுத்தவன்.
முதுகில் ஏறினால் பன்னிரண்டு கசையடி.
நெடுந்தீவுப் பெட்டைக்குதிரை. என் பாரம் அதுக்குப் புதிசு.
காதைப் பின்னால் மடித்துக் கொஞ்சம் யோசித்தது.
பிறகு ஓடியது.

தனங்கிளப்பில் நாய்கள்.
சாவகச்சேரிக் கோவில் வாசலுக்கு
விளக்கோடு வந்தார் பாதிரியார். சொன்னேன்.
முதலில் வெள்ளிக் கிண்ணத்தைத் தேடினார்,
பிறகு செருப்பை.
பிலிப்பு என்று என் தலையில் நீர் ஊற்றியவர்;
அன்றிரவு அந்தப் பெயர் அவருக்கு வரவில்லை.
"டேய்" என்றார், "வண்டில் கிடைக்குமோ?"

கைதடியில், விடிய முன்னம்,
ஒருத்தி பனங்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.
அந்தச் சொல் அவளுக்குத் தந்து விட்டதல்ல.
கடிவாளத்தை இழுத்தேன், ஏனென்று தெரியாது.
"ஆர் வாறாங்கள்?"
"ஒல்லாந்தர்."
"அவங்களும் தலைவரி கேப்பாங்களோ?"

அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அவள் அடுப்பை அணைக்கவில்லை.
மகனை எழுப்பி, நெல்லுக் குடத்தை
எருக்கும்பிக்குள் இறக்கச் சொன்னாள்.
இரண்டு கிழங்கு தந்தாள், கொதிக்கக் கொதிக்க:
உனக்கொன்று, அதுக்கொன்று.

அதன் பிறகு படலை தோறும் நின்றேன்.
நாவற்குழியில் தண்ணீர் குதிரையின் வயிற்றளவு,
அக்கரையில் வலைக்காரர்; அவர்களுக்கும் சொன்னேன்.
செம்மணியில், அரியாலையில்,
சொல்லச் சொல்லத் தேய்ந்து கப்பித்தானின் சொல்
வேறொன்றாகிவிட்டது:
ஆக்கள் வருகினம். நெல்லை ஒளியுங்கோ.

கோட்டைக்கு வரச் சூரியன் பனை உயரம்.
மதிலில் நின்றவன் துவக்கை நீட்டினான்.
பழைய சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னேன்.
சங்கிலி இறங்கியது.
இரண்டு பேர் வந்து குதிரையை உள்ளே கொண்டுபோனார்கள்,
கழுத்தைத் தட்டி, விலாவை விரலால் அமுக்கிப் பார்த்து.
முற்றுகை எத்தனை நாள் என்று
அப்போதே கணக்குப் போட்டிருப்பார்கள்.

கதவு மூடிய சத்தம் பெரிது.
கிழக்கே, வந்த வழியில், தூசி.

மடியில் ஒரு கிழங்கு மிச்சம், ஆறிப்போய்;
குதிரையின் பங்கு.
அகழிக் கரையில் குந்தித் தோலை உரித்தேன்.
தும்பு பல்லில் சிக்கியது.