பசைத் தடம்

பனச்சமூட்டுச் சந்தையில்
மீன் வாங்குகிறவர் தமிழ்நாட்டில் நிற்பார்,
விற்கிறவர் கேரளத்தில்.
அங்கிருந்து இரண்டு மேடு ஏறினால் ஆர்.சி. தொடக்கப்பள்ளி.
மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு:
என் வாக்குச்சாவடி.

முந்தின நாள் மாலை
எந்திரத்தை மேசைமேல் வைத்து நிமிர்ந்தால்
சுவரில் அவர்.
ஒரு முழ உயரம். விலாவில் சிவப்பு பெயர்ந்து
சுண்ணாம்பு தெரிந்தது.
பக்கத்தில் மனித உடலின் படம்,
குடல் எது ஈரல் எது என்று அம்புக்குறிகளோடு.
நான் அந்தப் படத்தின் கட்சி.
இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தியவன்.
கோயிலுக்குப் போவதில்லை,
கோயிலைத் திட்டுவதுமில்லை.
ரெண்டுங்கெட்டான் என்பாள் மனைவி.

ஏஜெண்டு ஸ்ரீகண்டன் எழுதியே கொடுத்தார்:
சிலுவைக்குக் கீழே ஓட்டுப் போடச் சட்டத்தில் இடமில்லை.
ஏஜெண்டு வின்சிலாஸ் சிரித்தார்:
"அப்பம் மிற்றத்துல நிக்க அரசையும் வெட்டுவியளா?
அதுலயும் ஆளுண்டு."
மண்டல அலுவலர் போனில் ஒரே சொல்:
"மூடுங்க."

கழற்ற முடியாது, சிமெண்டில் பதித்த ஆணி.
தாள்தான் ஒட்டவேண்டும்.
முதல் பக்கத்தில் ஒரு தலைவர் கும்பிட்டார்.
உள்ளே ஒரு சின்னம்,
அதற்கடுத்து ராசிபலன்,
கடைசியில் தங்க நகையோடு ஓர் அம்மன்.
குற்றமில்லாத ஒரு பக்கம்
நம் பேப்பரில் கிடைக்கவில்லை.
டீக்கடையில் மலையாளப் பேப்பர் இருந்தது.
அதில் சாவுச் செய்திக்கென்றே முழுப் பக்கம்,
பாறசாலை, நெய்யாற்றின்கரை,
தபால்தலை அளவில் முப்பது முகங்கள்.
யாரும் வேட்பாளரில்லை.
யாருக்கும் இங்கே ஓட்டுமில்லை.
ஒட்டினேன்.

ராத்திரி பெஞ்சில் படுத்திருந்தேன்.
மின்விசிறிக் காற்றில் தாள்
உப்பியது, தாழ்ந்தது, உப்பியது.
எனக்குக் காற்றழுத்தம் தெரியும்.
ஆனாலும் திரும்பிப் படுத்தேன்.

காலையில் முதல் ஆள் பனியம்மை,
ரப்பர் வெட்டிவிட்டு நேரே வந்தவள்.
விரலில் மை பிடிக்கவில்லை.
பால் உறைந்து தோல்மேல் இன்னொரு தோல்.
நகத்தால் நெம்பி உரித்தாள்,
ரேகையோடு கழன்று வந்தது.
அதை என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு
மை வாங்கி, பொத்தானை அமுக்கி,
முப்பது பிணங்களைப் பார்த்துச்
சிலுவை போட்டுக்கொண்டாள்.
"தாளுதானே சாரே.
நேத்து நின்ன எடத்துலதானே நிப்பாரு."
புகாரில் இதற்குப் பத்தி இல்லை.

பதினொரு மணிக்கு ஸ்ரீகண்டன் ஓட்டுப் போட எழுந்தார்.
மறைப்புக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்.
அவருக்கே தெரியாது கழற்றியது.

சிரிப்பு வந்தது. உடனே போயிற்று.
அரக்கு உருக்கி முத்திரை வைத்தது யார்?
நூலில் மூன்று முடிச்சு?
ஆண்களுக்கொரு வரிசை பெண்களுக்கொரு வரிசை,
பேசாதே, எட்டிப் பார்க்காதே, ஒருவர் ஒருவராக?
அமுக்கியது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்று
நானும்தான் நம்புகிறேன்.
உள்ளே பார்த்ததில்லை.

வித்தியாசம் உண்டு.
இதை எண்ணிப் பார்க்க ஒரு தேதி குறித்திருக்கிறார்கள்.
சின்ன வித்தியாசம்தான்.
நெரிசல் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல
அன்று முழுக்க
அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எண்ணூற்றுப் பதினொன்று.
முடித்துச் சீல் வைத்து, தாளை உரித்தபோது
முழுதாக வரவில்லை.
முழங்காலில் ஒரு துண்டு நின்றுவிட்டது,
பாறசாலைக்காரி ஒருத்தியின் பாதி முகம்,
சிரித்தபடி.
சுரண்டினால் வர்ணமும் வரும்.

ஈரத்துணியோடு ஸ்ரீகண்டன் வந்தார்.
"நாளைக்குப் பிள்ளைகள் வருமே சார்,"
யாரிடமோ கோபம்போலச் சொல்லிவிட்டு
பெஞ்சில் ஏறினார்.
பெஞ்சு ஆடியது.
நான் குனிந்து காலைப் பிடித்துக்கொண்டேன்,
பெஞ்சின் காலை.

லாரி ஹாரன் அடித்தது.
நாட்குறிப்பில் ஒரு கட்டம் பாக்கி:
அசம்பாவிதம் ஏதேனும்?
இல்லை என்று எழுதினேன்.
பேனா கொஞ்ச நேரம்
அங்கேயே நின்றது.