இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவில்

ஒடுகத்தூர் தாண்டி
மலைப்பாதையின் மூன்றாவது வளைவில்
முள் ஆடத் தொடங்கியது.
இருபது, அறுபது, இருபது, மறுபடி அறுபது.
வண்டி போனதோ ஃபர்ஸ்ட் கியரில்.
ஓரமாக நடந்த ஆடு ஒன்று
எங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்தது.

பின்னால் பதினோரு பேர், மூன்று மூட்டை யூரியா, ஒரு கிரைண்டர்.
எட்டிப் பார்த்த சடச்சி சொன்னாள்:
"அறுபதுல போறோமாம்.
பயமாக்கீது, எறக்கி வுட்டுடு."
ஜீப்பே குலுங்கிச் சிரித்தது.

எஃப்.சி.க்கு இன்னும் ஒன்பது நாள்.
முள் ஆடினால் பேனா ஆடாது என்று
பிரேக் இன்ஸ்பெக்டர் போன வருஷமே சொல்லியிருந்தார்.

கோணவட்டத்தில்
பாடி கட்டாத லாரிகளின் எலும்புகளுக்கு நடுவே
ஜுலைகாவின் மீட்டர் கடை.
"மீட்டர் போச்சு, புதுசு மாட்டிடு" என்றேன்.
எனக்கு எப்போதும்
முகத்தின் மேல்தான் முதல் சந்தேகம்.

அவள் பதில் பேசவில்லை.
மீட்டரின் முதுகில் கைவிட்டுக் கேபிளைக் கழற்றினாள்.
அந்தத் துளையில் சதுரமுனைக் கம்பியொன்றைச் செருகி
மறுமுனையை டிரில்லில் பூட்டினாள்.
"எந்தப் பக்கம் சுத்தணும்னு தெரிஞ்சு சுத்தணும்.
மாத்திச் சுத்தினா உள்ள இருக்கற சுருள் கோச்சுக்கும்."
டிரில் முனகியது.
முள் எழுந்து, நாற்பதில்,
பாலாற்றுப் பாலத்து டிராஃபிக் போல அசையாமல் நின்றது.
"முகம் நல்லாருக்கு."

அப்புறம் அடியில் படுத்தாள்.
கியர்பாக்ஸ் பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்தை உருவி
விளக்கில் பிடித்து எண்ணினாள்.
பதினைந்து பல். ஒன்றும் விழவில்லை.
"பல்லும் நல்லாருக்கு."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு ஜீப்புக்கு அடியிலிருந்து குரல்:
"யாரு இங்க கட்டுனது?"

நான்தான்.
ஐப்பசி மழையில், கல் தட்டிக் கேபிள் தொங்கிய ராத்திரி,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியது.
அன்றைக்குப் பின்னால் கிரைண்டர் இல்லை,
பாம்பு கடித்த வெள்ளையன் இருந்தான்.
அவன் பிழைத்து
இப்போது பலாக்காய் ஏற்றி அனுப்புகிறான்,
வாடகை பாக்கி வைக்கிறான்.

"இழுத்துக் கட்டினா நிக்கும்னு நெனச்சிட்டீங்க.
இது கயிறில்ல.
உள்ள ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு,
அதுக்கு மூச்சு வுட எடம் வேணும்."
கம்பியை வெட்டினாள்.
முழங்கையாய் மடங்கிக் கிடந்த கேபிள்
மெதுவாகத் தன் வளைவுக்குப் போனது.
உள்கம்பியில் கறுப்பு கிரீஸ், ஒரு விரல் அளவு.

முடிந்தது என்று பர்ஸை எடுத்தேன்.
அவள் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இது கம்பெனி சைஸ் இல்லையே?"
இல்லை. மேட்டுக்கு ஏறணும் என்று
நாலு வருஷம் முன்னால் மாட்டிய பெரிய டயர்.
"அப்ப மீட்டர் பதினெட்டுன்னா
நீங்க இருபது போயிருப்பீங்க."

ரேஷன் அரிசி ஏற்றுவது கிலோமீட்டர் கணக்கில்.
உள்ளங்கையில் பெருக்கிப் பார்த்தேன், நடைக்கு நாலு,
வாரத்துக்கு மூன்று நடை,
வருஷம் நாலு.
கையில் இடம் போதவில்லை.
"யார்கிட்டப் போய்க் கேப்பீங்க?" என்றாள்,
டிரில்லின் ஒயரைச் சுற்றிக்கொண்டே.

மறுநாள் மழை.
ஐந்தாவது வளைவில் சேறு.
பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்ற, எல்லோரும் இறங்கினார்கள்.
முள் ஆடவில்லை.
நாற்பதில் நின்றது, அழகாக, ஊசி குத்தியது போல.
வண்டி ஒரு முழம் நகரவில்லை.

முகமெல்லாம் சேறு தெறித்திருந்த சடச்சி
ஜன்னல் வழியே கேட்டாள்:
"சரியாயிட்ச்சா?"
"ஆயிட்ச்சு" என்றேன்.

கீழே சின்ன எண்கள் மெல்ல உருண்டன.
நின்ற இடத்திலேயே அரைக் கிலோமீட்டர்.
எனக்கு வரவேண்டியதில்
வரவு வைத்துக்கொண்டேன்.