மூளிக்கத்திகள்

ஞாயிறு சந்தை கலையும் நேரத்தில்தான் வருவாள் சொலேன்.
மழைக்கோட்டு, பிஸ்கட் டின்.
"மூளி ஏதாவது இருக்கா?"

நுனி போனது, பாதி போனது,
அலகே இல்லாமல் தக்கைத்திருகி மட்டும் மிஞ்சியது,
கொம்புப் பிடியில் யாரோ கீறிய எ.ப.
எல்லாம் கிலோக் கணக்கு.
நான் நிறுத்துப் போடுவேன். பேரம் பேசமாட்டாள்.

முழு அலகு சிப்பிக்குள் எல்லை தெரியாமல் போய்விடும், என்றாள் ஒருமுறை.
சதையைக் கிழிக்கும்,
இல்லையென்றால் என் உள்ளங்கையை.
உடைந்ததற்கு
நிற்கத் தெரியும்.

கான்கால் துறையில் அவள் கொட்டகை.
ஆணிகளில் பதினோரு கத்திகள், வாடைக்காற்றில் ஒன்றையொன்று தட்டிக்கொண்டு.
திருகி மட்டும் உள்ளதால் வலைமுடிச்சு அவிழ்ப்பாள்.

மார்ச்சில், கடல் வற்றிய மத்தியானம்,
டீசல் மணக்க ஒரு ஆள் வந்து நின்றான். எர்வான் ப்ரிஜான்.
நீலநூல் கட்டிய கத்தியைக் காட்டி
"அந்த எழுத்து என்னுடையது."

"எப்படி உடைந்தது?"

சேற்றில் சாய்ந்து கிடந்த படகுகளைப் பார்த்தான்.
"ஒரு கதவு.
உள்ளே ஆள் இருந்தது."

சொலேன் ஒன்றும் சொல்லவில்லை.
அதே கத்தியால் ஆறு சிப்பி திறந்து
எலுமிச்சை வைத்து நகர்த்தினாள்.

ஐந்து தின்றான்.
கத்தியைக் கால்சட்டையில் துடைத்து,
முறிந்த இடத்தைப் பெருவிரலால் தடவினான்,
அரம் பட்டு மழுங்கியிருந்தது.
பிறகு அதே ஆணியில் மாட்டினான்.

ஆறாவதை நான் எடுத்துக்கொண்டேன்.
காசும் நான்தான் கொடுத்தேன்.