ஏறுவரிசை

முதுகில் வெள்ளை மையில் பதினான்கு என்று எழுதியிருந்தது.
பியூட் நகரக் கல்லூரி நூலகத்தில்
கையெழுத்து வாங்கிக்கொண்டு கேலன் தந்தான்:
வரைபடக் கால்குலேட்டர் ஒன்று, மூடி ஒன்று,
பேட்டரி நான்கு. தொலைத்தால் நூற்றிருபது டாலர்.

காலையில் பள்ளிப் பேருந்து, மாலையிலும் அதே பேருந்து,
செவ்வாய், வியாழன் இரவுகளில் புள்ளியியல்.
திட்டவிலக்கம் ஏன் இரண்டு இருக்கிறது என்று கேட்க
நாற்பத்து மூன்று வயதில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
பக்கத்து நாற்காலியில் வெல்டர் மிலோ ராடோவிச்.
ஒன்றை அழுத்தப் போனால்
அவன் விரலுக்கு மூன்று பொத்தான் இறங்கும்.

"யாரோ விட்டுப்போனது உள்ளே இருக்கும்,
முதலில் பட்டியலை அழியுங்கள்" என்றார் ஹாலோரன்.
இருந்தது.
1.62
1.58
1.55
அதற்குக் கீழேயும் போயிற்று. நான் இறங்கவில்லை.

பெட்ரோல் விலை என்று நினைக்கப் பார்த்தேன்.
மொண்டானாவில் அந்த விலைக்கு விற்று எத்தனையோ வருஷம்.
என் இரண்டாமவன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது
அட்டையில் இப்படித்தான் எழுதுவார்கள்,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம், கிலோவில்.
முதலில் குறையும், பயப்படாதீர்கள் என்றாள் நர்ஸ்.
எதுவரை குறையும் என்று அவள் சொல்லவில்லை.

அழிக்காமல் அடுத்த பத்திக்கு நகர்ந்தேன்.
என் கணக்கு அங்கே: பதினைந்து நாள்,
பேருந்து எத்தனை நிமிடம் பிந்தியது.
4, 0, 7, 2, 31...
முப்பத்தொன்றைப் பார்த்து ஹாலோரன்
"விலகு மதிப்பு, நீக்கிப் பார்க்கலாமா?" என்றார்.
விளக்கெரியாத வீடு அது. குழந்தை வாசலில் நின்றது,
உள்ளே அனுப்பவும் ஆளில்லை, ஏற்றிக்கொள்ளக் கோட்டும் இல்லை.
அதைச் சொல்லாமல்
"இருக்கட்டும்" என்றேன்.

வரிசைப்படுத்து என்றது வீட்டுப்பாடம்.
நீலப் பொத்தானை அழுத்தி
இரண்டுக்குப் பதில் ஒன்றைத் தொட்டுவிட்டேன்.
முடிந்தது என்றது திரை.
இவ்வளவு சின்ன வேலைக்கு அவ்வளவு பெரிய சொல்.

1.41
1.44
1.46
1.50 என்று ஏறி ஏறி
1.79 வரை, பதினொன்று, படிக்கட்டு மாதிரி.
எது எந்த நாள் என்பது போய்விட்டது.
பின்னால் போகும் பொத்தானைத் தேடினேன்;
ஐம்பது பொத்தானில் அது ஒன்றுதான் இல்லை.

"சராசரி மாறாதே" என்றான் மிலோ, ஆறுதலாக.
மாறவில்லைதான். 1.561818182.
இடைநிலை 1.55. மொத்தம் 17.18.
எல்லாம் சரியாக இருந்தது.
கடைசி நாள் 1.79 ஆக இருக்கலாம்,
1.41 ஆகவும் இருக்கலாம்.
இரண்டுக்கும் ஒரே விடைதான் தருகிறது கருவி.

அன்றிரவு வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போதும்
மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன்:
இறங்கு, இறங்கு, 1.41இல் நில்,
இனி ஏறு.
எனக்குத் தெரிந்தது முதல் மூன்று மட்டும்.
மீதி எட்டையும் அடுக்க
நாற்பதாயிரத்துச் சொச்சம் வழி உண்டு என்று
போன வாரப் பாடத்திலேயே வந்துவிட்டது.

பருவம் முடிந்து திருப்பித் தரும்போது
என் பதினைந்தை அழித்தேன், முப்பத்தொன்று உட்பட.
கேலன் திறந்து பேட்டரியை எண்ணினான். நான்கு.
அலமாரியில் பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே வைத்தான்.

அடுத்து எடுத்துப் போகிறவர் திறந்து பார்த்தால்,
யாரோ ஒருவர், ஒரு நாள்கூடக் குறையாமல்,
1.41இலிருந்து வளர்ந்துகொண்டே போயிருப்பதாக நினைப்பார்.
நான் திருத்தவில்லை.