காற்றுக்குத் தெரு வேண்டாம்

பொறியாளர் அனுப்பிய தாளில்
பாதை ஒரு கோடு.
காப்பிக் கடை வாசலில் தொடங்கிக் கடல்வரை
அளவுகோல் வைத்து இழுத்தது.

எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.
நேர்க்கோடென்றால் ஆணி குறைவு, அறுப்பு குறைவு,
வெள்ளிக்கிழமைக்குள் வியானாவில் வீடு.

ஈரியா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.
என்னைக் கூட்டிப்போய்
ஊர் முப்பது வருஷம் நடந்து கிழித்த
பழைய தடத்தின் நடுவில் நிறுத்தினாள்.
அட்லாண்டிக் காற்று அதன் வழியே
வரி கட்டியவனைப் போல வந்துகொண்டிருந்தது.
காதில் மணல். பல்லிடுக்கில் மணல்.
இருபுறமும் மேட்டின் விலா தெரிந்தது:
மணற்புல்லின் வேர்கள் அந்தரத்தில்,
பிடிக்க ஏதுமில்லாத விரல்கள்.

"நேராக விட்டால் தெருவாகிவிடும்" என்றாள்.
"நமக்கில்லை, இதற்கு."

கயிற்றை எடுத்து
மூன்று இடத்தில் வளைத்துப் போட்டாள்.

தெல்மீரா வந்தாள்.
மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுபவள்.
விபத்துக்குப் பிறகு பதினொரு வருஷமாக
மேட்டுக்கு அந்தப்பக்கம் கடல் இருப்பதைக்
காதால் மட்டும் அறிந்தவள்.
சக்கரத்தைக் கயிற்றின் நுனியில் நிறுத்திக் கேட்டாள்:
"வளைவால் கூடுவது எத்தனை மீட்டர்?"

நாற்பத்தொன்று, என்றேன்.

"அதை உன் காலா தரப்போகிறது? என் தோள் தரும்.
புல்லுக்கு வேர் இருக்கிறது, சரி.
எனக்கும் இதுதான் ஊர்."

ஈரியா கயிற்றைப் பார்த்தாள்.
நான் பென்சிலைச் சீவினேன்.

அன்றிரவு கோட்டை மாற்றிப் போட்டேன்.
வளைவுக்கு வளைவு ஒரு சமதளம்,
நாற்காலி முழுதாகத் திரும்பும் அகலத்தில்.
சரிவு இருபதுக்கு ஒன்று.
பலகைகள் குறுக்கே;
இடைவெளி சுண்டுவிரல் நகத்துக்கும் குறைவு:
மணல் விழும், முன்சக்கரம் விழாது.
எல்லாவற்றையும் முழங்கால் உயரக் கால்களில் தூக்கினேன்.
மேடும் நடக்கும்,
மெதுவாக, நாம் தூங்கும்போது.
அடியில் அதற்கும் வழி.

மே மாதக் கடைசியில்
அறுபத்து மூன்றாவது கால் நடவேண்டிய இடத்தில்
மூன்று முட்டை.
மணல்மேல் மணல் நிறத்தில்.
பூட்ஸைப் பாதியில் தூக்கியபடி
ஒற்றைக்காலில் நின்றேன்.
உப்புக்கொத்தி சிறகு ஒடிந்தவள் போல் நடித்து
என்னைத் தள்ளித் தள்ளி அழைத்துப்போனது.

வேலை நின்றது. இருபத்தாறு நாள்.
தெல்மீராவிடம் சொல்லும் வேலை என் தலையில்.

"எத்தனை?" என்றாள்.
"மூன்று."
ஏலப் பேரேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்:
மூன்று முட்டை, ஒரு ஜூன்.

பொரிந்த பிறகு மறுபடி கேட்டாள்.
"இரண்டு."
"கணக்கு இடிக்கிறதே" என்றாள்.
பேனாவை மூடவில்லை.

ஆகஸ்ட் முடியப்போகும் ஒரு செவ்வாய்.
யாரும் பின்னால் பிடிக்கக் கூடாதென்று உத்தரவு.
முதல் சமதளத்தில் நிற்கவில்லை, வீம்பு.
இரண்டாவதில் நின்றாள்.
ஒரு பக்கம் அடம்பு போலொரு கொடி,
வெளுத்த இளஞ்சிவப்பில் பூ.
மறுபக்கம் மேட்டின் தோள்.
சிகரெட் எடுத்தாள்.
தீக்குச்சி
அடி வரைக்கும்
அணையாமல் எரிந்தது.

அதைப் பார்த்தாள்.
பிறகு ஈரியாவைப் பார்த்தாள்.
நன்றி என்று யாரும் சொல்லவில்லை.

கடைசி ஐந்து பலகை கழற்றி எடுப்பவை.
அக்டோபரில் தூக்கி அடுக்கிவிட்டு
குளிர்காலத்துக் கடலிடம் இடத்தை ஒப்படைப்போம்.
ஐந்தாவதின் விளிம்பில் இறங்கினாள்.
சக்கரம் புதைந்தது.
அலை வந்து, காலடிக்கு
ஒரு முழம் முன்னால் நின்று, திரும்பியது.

அவள் வைத வசவை எழுத மாட்டேன்.

"இன்னும் இரண்டு பலகை" என்றாள்.
"ஒன்று" என்றாள் ஈரியா.

வண்டியில்
ஒன்றரை இருந்தது.