உருளைக்கிழங்கு விடுமுறை

டென்மார்க்கில் அக்டோபரின் இந்த வாரத்துக்கு
அப்படித்தான் பேர்.
இப்போது யாரும் கிழங்கு தோண்டுவதில்லை.

கடலோர வாடகை வீடு, விடாத மழை,
நூலகத்தில் எடுத்த ஒன்பது காமிக்ஸ்.

ஏழாவதைக் காணோம்.
ஆறாவதன் கடைசிக் கட்டத்தில்
விண்கலத்துப் படியில்
பன்றி ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது.
"ஏறிச்சா, இல்லையா?"
வில்லாட்ஸுக்கு அழுகை முட்டுகிறது.
டில்டே சோபாவுக்கடியில் டார்ச் அடிக்கிறாள்.

குளியலறை உள்ளே தாழிட்டிருக்கிறது,
நாற்பது நிமிடமாக.
தண்ணீர்ச் சத்தமே இல்லை.

பிறகு ஒரு சிரிப்பு,
அடக்கி, அடக்கி,
மூக்கு வழியாக வெடித்தது.

அலுவலக மின்னஞ்சல் பார்க்கிறேன் என்றுதான்
போயிருந்தார் தோர்கில்.

"அப்பா!"
"பன்றி என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்றது கதவு.
"சொல்லாதேப்பா!"
இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

எட்டாவது என் தலையணைக்கடியில்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.