விளக்கக் கடிதத்தில் எழுதாமல் விட்டது

கேமராவில் மணி இரண்டு பதினேழு.
வாடல் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்,
ஸ்டூலில் நான், மூடிய கண்ணோடு.
படத்தை அச்செடுத்து
மெமோவோடு சேர்த்துப் பின் அடித்திருந்தார்
மேனேஜர் பெள்ளிராஜ்.

அந்த நேரம் நான் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் தொட்டியில் ஒரு மூலை
காற்றேறாமல் ஈரமாகவே கிடந்தது.
கிளறிவிட எழுந்தேன்.
அது அடுத்த படத்தில் இருந்திருக்கும்.
அதை யாரும் அச்செடுக்கவில்லை.

கண்ணை இமை காப்பதுபோல என்பார்கள்.
என்னுடையது கொஞ்சம் அதிகமாகவே காக்கிறது.
காலையில் பரவாயில்லை,
சாயங்காலம் ஷட்டர் பாதிக்கு வந்துவிடும்.
நெற்றியைச் சுருக்கி, தாடையைத் தூக்கி
மூக்குக்குக் கீழாகவே உலகத்தைப் பார்த்து நடந்ததில்
லைனில் எனக்குப் பெயர் கலெக்டரம்மா.
கழுத்துவலி தைலம்
மாதம் இரண்டு பாட்டில்.

மைக்ரோபோர் வெட்டி ஒட்டியும் பார்த்தேன்.
ஞாயிற்றுப் பூசையில்
நற்கருணைக்கு நாக்கை நீட்டும் நேரத்தில்
ஒரு பக்கம் கழன்று கன்னத்தில் ஆடியது.
பாதர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் யோசித்தார்.

கோயம்புத்தூரில் டாக்டர் ஷெரின்
பிளாஸ்டிக் ஸ்கேலைக் கண்ணருகே பிடித்து
"ஒரு மில்லிமீட்டர்" என்றார்.
நான்கு இருக்க வேண்டுமாம்.
பிறகு கையுறைக்குள் ஐஸ் போட்டு
இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார்.
இமை ஏறினால் அது வேறு நோய், மாத்திரை.
ஏறாவிட்டால் கத்தி.
ஜனவரி உறைபனியில் ஐந்து மணிக்கு
கொழுந்து நிறுத்தவளிடம் ஐஸைக் காட்டுகிறீர்களே டாக்டர்,
இது அதற்கெல்லாம் அசையுமா.
அசையவில்லை.

ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து
வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினேன்.
வந்த காகிதத்தில் மேல்பாதி கறுப்பு.
மிஸ்ட் இறங்கின எஸ்டேட் மாதிரி இருந்தது.
இமையை டேப் போட்டுத் தூக்கி மறுபடி எடுத்தார்கள்.
எல்லாம் வெள்ளை.
அந்த இரண்டு காகிதத்தையும் காட்டிய பிறகும்
இன்சூரன்ஸ் கவுண்ட்டர் பையன் சொன்னான்:
"இது அழகுக்குச் செய்யறது மேடம்."
நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக
என்னையும் அழகையும் ஒரே வாக்கியத்தில்
ஒருவன் வைத்தான்.
கோபப்படவும் மறந்துபோனேன்.

தசை, தொய்ந்துபோன எலாஸ்டிக் மாதிரி.
கொஞ்சம் சுருக்கித் தைத்துவிடலாம் என்றார் டாக்டர்.
மயக்கம் கிடையாது, மரத்துப்போக ஊசிதான்.
பாதியில் எழுப்பி உட்காரவைத்து
திற, மூடு என்பார்களாம்,
இரண்டும் ஒரே உயரமா என்று பார்க்க.
ஒன்றைத் தூக்கினால்
சில பேருக்கு மற்றது இறங்குமாம்.
கொஞ்ச நாளைக்கு, சிலருக்கு அதற்கு மேலும்,
தூங்கும்போது கண் முழுக்க மூடாதாம்.

அப்படியானால்
விழித்திருந்தபோது தூங்கினதாக மெமோ வாங்கியவள்
தூங்கும்போது விழித்திருப்பதாகப் பெயர் எடுக்கலாம்.
நைட் ஷிஃப்டுக்கு அதுவே நல்லது.

அருளப்பனிடம் சொன்னேன்.
"என்னை முழுசாப் பார்த்துட்டா
நீ இருக்கமாட்ட" என்று சிரித்தார்.
சிரித்துவிட்டு
அட்டைப்பெட்டியிலிருந்து சங்கச் சீட்டுப் பணத்தை எடுத்து
இரண்டு தடவை எண்ணினார்.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஒரு தூங்குமூஞ்சி மரம்.
மாலையானதும் இலையெல்லாம் மடக்கிக்கொண்டது.
அதற்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

கோத்தகிரி பஸ்ஸில் முன்சீட்டுப் பையன்
சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
பார்த்துவிட்டு
தன் கண்ணையும் பாதி மூடிக் காட்டினான்.
அவன் அம்மா தொடையில் கிள்ளினாள்.
நான் விரலால் வலது இமையைத் தூக்கினேன்.
அவனும் தூக்கினான்.
வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது.
அவன் தலைக்கு மேலே, ஜன்னலின் மேல்பாதியில்,
நான் கணக்கில் விட்டிருந்த வானம்
நிறைய இருந்தது.
குஞ்சப்பனை செக்போஸ்ட் வரை
இருவரும் அப்படியே வந்தோம்.
முதலில் கை வலித்தது
அவனுக்குத்தான்.